சொந்தத் தொழிலுக்கு அக்கவுண்டன்ட் வேண்டுமா? தென்னாப்பிரிக்காவில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

"அக்கா, ஆடிட்டர் வெச்சிருந்தாத்தான் சார்ஸ்ல பதிய விடுவாங்களாமே, நிஜமா?"

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒரு சனிக்கிழமை காலை, முறுக்குப் பாக்கெட்டுகளை மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. சார்ஸ் என்பது தென்னாப்பிரிக்க வருவாய்த்துறை. காரைக்குடிப் பக்கத்துப் பெண். நிரந்தர வசிப்பு அனுமதி கைக்கு வந்ததும் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தாள். மாதாமாதம் ஒரு தொகை கொடுத்தால் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாக யாரோ ஒருவர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அந்தத் தொகை அவள் இரண்டு வாரம் தைத்துச் சம்பாதிக்கும் பணம்.

"இல்லம்மா, அப்படி எந்தச் சட்டமும் கிடையாது" என்றேன். அன்று நின்றுகொண்டே பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். டர்பனில் பன்னிரண்டு வருடமாகப் பலகாரத் தொழில் செய்கிறேன். முதல் சில வருடங்களில் தெரியாமல் பணத்தையும் தூக்கத்தையும் இழந்தேன். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

என் பதில் இதுதான்: தனி ஆளாக, ஆள் வைக்காமல், வாட் என்கிற மதிப்புக்கூட்டு வரிப் பதிவு இல்லாமல் தொழில் செய்கிறவருக்கு மாதச் சம்பளத்தில் கணக்காளர் தேவையில்லை. ஆனால் தொடங்கும்போது ஒரு முறையும், அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் நல்ல கணக்காளரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துப் பேசுவது கட்டாயம் வேண்டும். தினசரிக் கணக்கை எழுதுவது எந்த நிலையிலும் உங்கள் வேலைதான். அதை யாரிடமும் ஒப்படைக்க முடியாது.

ஆடிட்டர் வேறு, அக்கவுண்டன்ட் வேறு

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கணக்கு பார்க்கிற எல்லாரையும் 'ஆடிட்டர்' என்று சொல்லியே பழகிவிட்டோம். இங்கே அந்தப் பழக்கம் காசைக் கரைக்கும். ஆடிட்டர் என்பவர் ஒரு கம்பெனியின் கணக்கு சரியா என்று வெளியிலிருந்து சோதித்துச் சான்று தருகிறவர். வீட்டிலிருந்து தைக்கிறவருக்கும் முறுக்கு சுடுகிறவருக்கும் அவரிடம் வேலையே இல்லை.

உங்களுக்குத் தேவைப்படக்கூடியவர்கள் மூன்று பேர். ரசீதுகளை வாங்கி வரவு செலவைப் பதிந்து தருகிறவர் புக்கீப்பர். மூவரில் இவருடைய கட்டணம்தான் பொதுவாகக் குறைவு. அந்தப் பதிவுகளை வைத்து ஆண்டுக் கணக்கு தயாரித்து ஆலோசனை சொல்கிறவர் அக்கவுண்டன்ட். காசு வாங்கிக்கொண்டு உங்கள் வரிப் படிவத்தை நிரப்புகிறவர், வரி பற்றி ஆலோசனை சொல்கிறவர் டாக்ஸ் பிராக்டிஷனர். இந்த மூன்றாமவர் சார்ஸில் பதிந்திருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட ஒரு தொழில்முறை அமைப்பிலும் உறுப்பினராக இருக்க வேண்டும். வரி நிர்வாகச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒரே ஆள் மூன்று வேலையையும் செய்வதும் உண்டு. ஆனால் எந்த வேலைக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: என்ன வடிவத்தில் தொழில் செய்கிறீர்கள்?

அதற்கும் முன்னால் விசாவைப் பாருங்கள். பொது வேலை விசா உங்களை வேலைக்கு எடுத்த முதலாளியோடு கட்டப்பட்டது. அதை வைத்துக்கொண்டு சொந்தக் கடை நடத்த முடியாது. இதைக் கணக்காளரிடம் கேட்டுப் பயனில்லை, குடிவரவு தெரிந்த வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

தனி உரிமையாளர் என்றால் வரிக்காகத் தொழிலைத் தனியாகப் பதிய வேண்டியதில்லை. உங்கள் சொந்த வரி எண்ணே தொழிலுக்கும் எண். அது இல்லையென்றால் இ-ஃபைலிங் தளத்தில் காசு செலவில்லாமல் வாங்கலாம். வரி கட்ட வேண்டிய நிலை வந்த 21 வேலை நாளுக்குள் பதிய வேண்டும். தொழில் வருமானம் உங்கள் தனிநபர் படிவத்திலேயே, ஐடிஆர்12 என்று சொல்வார்கள், ஒரு பகுதியாகப் போகும்.

பிடிஒய் லிமிடெட், அதாவது தனியார் கம்பெனி என்றால் கதையே வேறு. அது சட்டப்படி தனி ஆள் மாதிரி. கம்பெனிகளைப் பதியும் அரசு அலுவலகமான சிஐபிசியில் பதிவு, அங்கே வருடாந்திர ரிட்டர்ன், 2023 முதல் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரம், சார்ஸுக்குத் தனிப் படிவம், ஆண்டு நிதிநிலை அறிக்கை என்று வேலை நீளும். சிஐபிசி ரிட்டர்னும் சார்ஸ் ரிட்டர்னும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் கட்டிவிட்டு இருப்பவர்கள் நிறைய. சிஐபிசியில் விட்டுவிட்டால் கம்பெனியையே பதிவேட்டிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

கம்பெனி பதிவதற்கான செலவு மிகக் குறைவு என்பதால், "பேருக்கு ஒரு கம்பெனி இருக்கட்டுமே" என்று பலர் ஆசைப்பட்டுத் தொடங்கிவிடுகிறார்கள். வியாபாரமே நடக்காவிட்டாலும் அந்தப் படிவங்கள் வந்துகொண்டேதான் இருக்கும். பெரிய வாடிக்கையாளர் யாராவது கம்பெனி இருந்தால்தான் ஆர்டர் தருவோம் என்று சொல்லும்வரை, அல்லது கடன், வழக்கு என்று சொந்த வீட்டுக்கு ஆபத்து வரக்கூடிய தொழிலாக இல்லாதவரை, தனி உரிமையாளராகவே தொடங்குங்கள் என்பது என் எண்ணம். கம்பெனி வேண்டும் என்று முடிவு செய்தால் அன்றே கணக்காளரையும் தேடிக்கொள்ளுங்கள். பங்குதாரர் எல்லாரும் இயக்குநராகவும் இருக்கும் சின்னக் கம்பெனிக்குப் பொதுவாக ஆடிட் தேவைப்படாது. ஆனாலும் அறிக்கை தயாரிக்கக் கை தேர்ந்தவர் வேண்டும்.

இரண்டாம் படி: நோட்டுப் புத்தகம்

இதில்தான் நான் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. தனி உரிமையாளருக்கு அது கட்டாயமில்லை, ஆனால் அது இல்லாமல் வருடக் கடைசியில் எது மளிகைக் கடையில் வீட்டுக்கு வாங்கிய எண்ணெய், எது தொழிலுக்கு வாங்கிய எண்ணெய் என்று பிரிக்கவே முடியாது. அதைப் பிரித்துத் தரச் சொல்லிக் கணக்காளருக்கு மணிக்கணக்கில் காசு கொடுத்தவள் நான்.

அப்புறம், ஒரு கோடு போட்ட நோட்டு. எக்செல் தெரிந்தால் எக்செல். ஐந்து பத்திகள் போதும்: தேதி, யாரிடமிருந்து அல்லது யாருக்கு, எதற்கு, வரவு, செலவு. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்: 'சனி. மார்க்கெட் விற்பனை, ரொக்கம் 1,420. கார்டு 860. மேசை வாடகை. பெட்ரோல், ஸ்லிப் எண் 41. கவர், லேபிள், ஸ்லிப் எண் 42.' இதை எழுத ஐந்து நிமிடம் ஆகும். அன்றே எழுதினால்தான் ஐந்து நிமிடம். ஒரு மாதம் கழித்து எழுத உட்கார்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும்.

கார்டு மெஷின் விஷயத்தில் ஒரு தவறு எல்லாரும் செய்கிறார்கள். வாடிக்கையாளர் 100 ராண்டுக்கு வாங்கினால், மெஷின்காரர் தன் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் வங்கியில் போடுவார். வங்கியில் வந்ததை விற்பனை என்று எழுதக்கூடாது. விற்பனை 100. பிடித்த கட்டணம் செலவு. கடைசி லாபம் ஒன்றுதான், ஆனால் மொத்த விற்பனை என்ற எண்ணை வைத்துத்தான் வாட் எல்லையையும் டர்ன்ஓவர் வரியையும் பார்ப்பார்கள். இரண்டும் என்ன என்று கீழே சொல்கிறேன்.

வீட்டுச் செலவுக்கு நீங்கள் எடுத்த பணம் தொழில் செலவில் வராது. தனி உரிமையாளர் தனக்குத்தானே சம்பளம் கொடுக்க முடியாது. 'வீட்டுக்கு' என்று தனியே எழுதி வையுங்கள்.

ரசீதுகள். இங்கே கடைகளில் தரும் டில் ஸ்லிப் சூடு பட்டால் அழிந்துபோகிற காகிதம். முதல் வருடம் பெட்ரோல் ஸ்லிப்புகளையெல்லாம் பக்கியின் (பின்னால் சாமான் ஏற்றும் வண்டி) டாஷ்போர்டில் ஒரு கிளிப்பில் குத்தி வைத்திருந்தேன். டர்பன் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பிப்ரவரியில் எடுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். கடை பெயரும் இல்லை, தொகையும் இல்லை. அதிலிருந்து ஸ்லிப் கைக்கு வந்தவுடன், கடை வாசலிலேயே போனில் படம் எடுத்து, மாதம் பெயர் போட்ட ஃபோல்டரில் சேர்த்துவிடுகிறேன். படிவம் கொடுத்த நாளிலிருந்து ஐந்து வருடம் இவற்றை வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் கம்பெனிச் சட்டப்படி ஏழு வருடம்.

வண்டியைத் தொழிலுக்கும் வீட்டுக்கும் சேர்த்து ஓட்டுகிறீர்கள் என்றால் லாக்புக் வேண்டும். வரி ஆண்டு மார்ச் 1 அன்று தொடங்கி பிப்ரவரி கடைசியில் முடிகிறது. ஆகவே மார்ச் 1 காலையில் வண்டியின் கிலோமீட்டர் எண்ணைப் படம் எடுங்கள், பிப்ரவரி கடைசி நாளும் எடுங்கள். நடுவில் தொழிலுக்காகப் போன ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, எங்கே, எதற்கு, எத்தனை கிலோமீட்டர். லாக்புக் இல்லாமல் வண்டிச் செலவைக் கழித்தால் சார்ஸ் கேட்கும் அன்று பதில் இருக்காது. இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன், கீழே வருகிறது.

மூன்றாம் படி: எந்த வரி? அந்த ஒரு மணி நேரம் இதற்குத்தான்

தனி உரிமையாளருக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று, எல்லாரையும் போல லாபத்தின் மேல் வருமான வரி. இன்னொன்று, சின்னத் தொழில்களுக்காக 2009-இல் கொண்டுவந்த டர்ன்ஓவர் வரி. இதில் லாபத்தைப் பார்ப்பதில்லை, மொத்த விற்பனையின் மேல் குறைந்த விகிதத்தில் வரி. இந்த இரண்டாவது பாதை இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும் நான்கு வருடம் தெரியாது.

2026 பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டின் விகிதங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 65 வயதுக்குக் குறைந்தவருக்கு அந்த ஆண்டு 95,750 ராண்ட் வரை வருமான வரி இல்லை. அதற்கு மேல் முதல் படியில் 18 சதவீதம்.

மாதம் 28,000 ராண்டுக்குப் பலகாரம் விற்கிறவர் என்று வையுங்கள். வருடத்துக்கு 3,36,000. செலவு 1,90,000 போக லாபம் 1,46,000. வேறு வருமானம் இல்லை. வருமான வரிப் பாதையில் 18 சதவீதம் என்றால் 26,280. அதில் எல்லாருக்கும் தரும் கழிவு 17,235 போனால் கட்ட வேண்டியது 9,045 ராண்ட். டர்ன்ஓவர் வரிப் பாதையில் அந்த ஆண்டு 3,35,000 வரை ஒன்றும் இல்லை, அதற்கு மேல் உள்ளதில் 1 சதவீதம். ஆக அவர் கட்ட வேண்டியது 10 ராண்ட்.

ஒன்பதாயிரத்துக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம்! சரி, எல்லாரும் இதிலேயே சேர்ந்துவிடலாமா? இல்லை. காய்கறியை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்கிறவரைப் பாருங்கள். வருடத்துக்கு 9,00,000 ராண்ட் விற்பனை, கையில் நிற்பது 80,000 மட்டும். வருமான வரிப் பாதையில் அவர் எல்லைக்குக் கீழே, வரியே இல்லை. டர்ன்ஓவர் பாதையில் அதே ஆண்டு 11,150 ராண்ட் கட்ட வேண்டும். நஷ்டம் வந்த வருடத்திலும் டர்ன்ஓவர் வரி விடாது.

மருத்துவம், சட்டம், கணக்கு போன்ற தொழில்முறைச் சேவை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தப் பாதை கிடையாது. புதிதாகத் தொழில் தொடங்குகிறவர் தொடங்கிய இரண்டு மாதத்துக்குள் சேர வேண்டும். ஏற்கெனவே நடத்துகிறவர் அடுத்த மார்ச் 1-க்கு முன்னால் சேர வேண்டும். தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். இதில் தேவைப்படும் கணக்கும் எளிது: வந்த பணம், 10,000 ராண்டுக்கு மேல் மதிப்புள்ள சொத்து, அதே அளவுக்கு மேற்பட்ட கடன் ஆகியவற்றின் பதிவு. எல்லைகளும் விகிதங்களும் பிப்ரவரி பட்ஜெட்டில் மாறக்கூடியவை. சேருவதற்கு முன் சார்ஸ் தளத்தில் அந்த ஆண்டின் அட்டவணையைத் திறந்து, மேலே போட்ட மாதிரி உங்கள் எண்களை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு போய்க் கணக்காளரிடம் உட்காருங்கள். வெறும் கையோடு போகாதீர்கள்.

நான்காம் படி: நீங்களே செய்யக்கூடியவை

வருமான வரிப் பாதையில் தொழில் செய்கிற எல்லாரும் புரொவிஷனல் வரி செலுத்துவோர். அதாவது வருடம் முடியும்வரை காத்திருக்காமல் இரண்டு தவணையாக முன்கூட்டியே கட்டுவது. ஆகஸ்ட் கடைசிக்குள் முதல் தவணை, பிப்ரவரி கடைசிக்குள் இரண்டாவது. ஐஆர்பி6 என்ற படிவம் இ-ஃபைலிங்கில் இருக்கும். இந்த வருடம் லாபம் எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டுப் போட வேண்டும். குறைத்துப் போட்டால் அபராதம் உண்டு. நோட்டு ஒழுங்காக இருந்தால் பிப்ரவரியில் மதிப்பிடுவதற்கு என்ன இருக்கிறது, பதினோரு மாதக் கணக்குக் கண் முன்னால் இருக்குமே. போதாமல் போனது தெரிந்தால் செப்டம்பர் கடைசிக்குள் மீதியைக் கட்டி வட்டியைத் தவிர்க்கலாம். டர்ன்ஓவர் பாதையில் ஐஆர்பி6 இல்லை, ஆனால் அதே இரண்டு தேதிகளில் டிடி02 தவணைகள் உண்டு.

பகலில் வேலை, மாலையில் சின்னத் தொழில் என்று இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜூலை வாக்கில் சார்ஸிலிருந்து 'உங்கள் வரியை நாங்களே கணக்கிட்டுவிட்டோம்' என்று எஸ்எம்எஸ் வரலாம். அது உங்கள் முதலாளியும் வங்கியும் அனுப்பிய தகவலை வைத்துப் போட்டது. உங்கள் முறுக்கும் தையலும் அதில் இருக்காது. அப்படியே விட்டுவிட்டால் தொழில் வருமானத்தை மறைத்ததாக ஆகும். படிவத்தைத் திறந்து திருத்தி அனுப்ப வேண்டியது நீங்கள்.

முதல் முறை தனியாக நிரப்பப் பயமாக இருந்தால் சார்ஸ் கிளையில் நேரம் பதிந்துகொண்டு போகலாம், காசு கிடையாது. வருடத்தின் முதல் படிவத்தைக் கணக்காளர் நிரப்பும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்திலும் என்ன போடுகிறார் என்று எழுதிக்கொள்வது இன்னும் நல்ல வழி. நான் அப்படித்தான் கற்றேன். நல்லவர்கள் சொல்லித்தரத் தயங்குவதில்லை.

ஐந்தாம் படி: எப்போது கட்டாயம் ஆள் வேண்டும்

வாட். எனக்கு இதில்தான் கணக்காளர் அவசியமானார். 12 மாத விற்பனை எல்லையைத் தாண்டினால் கட்டாயம் பதிய வேண்டும். 2009 முதல் நெடுங்காலம் இந்த எல்லை 10 இலட்சம் ராண்டாக இருந்தது. இப்போதைய எல்லையைச் சார்ஸ் தளத்தில் பாருங்கள். கணக்கில் எடுப்பது விற்பனையை, லாபத்தை இல்லை. தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதம் ஆர்டர் குவியும் தொழிலில் நாம் கவனிக்காமலே தாண்டிவிடுவோம்.

உணவுத் தொழிலுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாட் 15 சதவீதம், ஆனால் அரிசி, சமையல் எண்ணெய், மைசூர் பருப்பு, முட்டை, பால், காய்கறி இவற்றுக்குப் பூஜ்ய விகிதம். நாம் சுட்டு விற்கும் முறுக்குக்கும் சமோசாவுக்கும் சில்லி பைட்ஸுக்கும் 15. வாங்கும்போது கட்டிய வாட்டைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுவதுதான் முறை. நாம் வாங்குவதில் பெரும்பங்கு பூஜ்ய விகிதம் என்றால் கழிக்க என்ன இருக்கும்? மசாலாப் பொடி, கவர், கேஸ், மின்சாரம் இவ்வளவுதான். பதிவான நாள் முதல் 115 ராண்டுக்கு விற்ற பெட்டியில் 15 சார்ஸுடையது. விலையை ஏற்ற வேண்டுமா, எவ்வளவு, எப்போது என்று பதிவுக்கு மூன்று மாதம் முன்பே உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

வண்டியிலும் இப்படித்தான். தொழிலுக்கு வாங்கிய சிங்கிள் கேப், அதாவது ஒரே வரிசை இருக்கை உள்ள பக்கிக்கு வாட் திரும்பக் கிடைக்கும். அதே பக்கி இரண்டு வரிசை இருக்கை உள்ள டபுள் கேப் என்றால் சட்டத்தின் கண்ணில் அது கார், கிடைக்காது. வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். வண்டி வாங்கும் முன் கணக்காளருக்கு ஒரு போன் போடுங்கள்.

ஆள் வைப்பது அடுத்தது. உங்களிடம் மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறவருக்கு யுஐஎஃப் என்கிற வேலையிழப்புக் காப்பீட்டு நிதி உண்டு: அவர் சம்பளத்தில் 1 சதவீதம், உங்கள் பையிலிருந்து 1 சதவீதம், அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். சம்பளம் வரி எல்லையைத் தாண்டினால் பிஏஒய்இ, அதாவது அவருடைய வருமான வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக் கட்ட வேண்டும். வேலையில் காயம் பட்டால் இழப்பீடு தரும் நிதிக்கும் பதிவு வேண்டும். ஒரே ஓர் ஆள் என்றால் கற்றுக்கொண்டு நீங்களே செய்யலாம். மூன்று நான்கு பேர் ஆகிவிட்டால் புக்கீப்பரிடம் கொடுங்கள். வேலைக்காரரின் யுஐஎஃப் பணத்தைக் கட்டாமல் விடாதீர்கள். வேலை போகும் நாளில், பிரசவக் காலத்தில் அவர் கையேந்தி நிற்பது அந்தப் பணத்துக்காகத்தான்.

ஊரில் வீட்டு வாடகை, வங்கி வட்டி வருகிறதா? தென்னாப்பிரிக்க வரிச் சட்டப்படி நீங்கள் இங்கே வசிப்பவர் என்று ஆகிவிட்டால் உலகத்தில் எங்கே வரும் வருமானத்தையும் இங்கே காட்ட வேண்டும். இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு முறை முழு வரி கட்ட வேண்டி வராது, ஆனால் சரியாகக் காட்டத் தெரிந்த ஆள் வேண்டும். இதை நீங்களே முயல வேண்டாம்.

வங்கிக் கடனுக்கு நிதிநிலை அறிக்கை கேட்டால், சார்ஸ் ஆடிட் கடிதம் வந்தால், கூட்டாளி சேர்ந்தால், பல வருடம் கணக்கே காட்டாமல் விட்டிருந்தால், அன்றே போங்கள்.

ஆறாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

என் மூன்றாம் வருடத்தில், தெரிந்தவர் தெரிந்தவர் என்று சொல்லி ஒருவர் வந்தார். குறைந்த கட்டணம், அதோடு திரும்ப வரும் பணத்தில் ஒரு பங்கு. இ-ஃபைலிங் பாஸ்வேர்டைக் கேட்டார், கொடுத்தேன். ஆறாயிரம் ராண்டுக்கு மேல் திரும்ப வந்தது. கோயிலுக்கு அர்ச்சனை செய்தேன், அவ்வளவு சந்தோஷம். எட்டு மாதம் கழித்துச் சார்ஸிலிருந்து வண்டிச் செலவுக்கு லாக்புக் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. வந்திருக்கிறது என்று ஏன் சொல்கிறேன் என்றால் எனக்கு அது வரவேயில்லை. என் கணக்கிலிருந்த போன் எண்ணும் மின்னஞ்சலும் அவருடையதாக மாறியிருந்தன. நான் ஓட்டாத கிலோமீட்டரெல்லாம் படிவத்தில் இருந்தது. பணத்தைத் திரும்பக் கட்டினேன், அபராதத்தோடும் வட்டியோடும். அவர் போனை எடுக்கவில்லை. சார்ஸுக்கு முன்னால் பொறுப்பு என் பெயரில்தான், நிரப்பியது யார் என்பது இரண்டாம் பட்சம்.

அதனால் இந்தக் கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். உங்கள் பிராக்டிஷனர் எண் என்ன? அது பிஆர் என்ற எழுத்துகளோடு தொடங்கும், சார்ஸ் தளத்திலேயே சரிபார்க்கலாம். எந்த அமைப்பில் உறுப்பினர்? சாய்கா, சாய்பா, சிபா, சாயிட் போன்றவை இங்கே தெரிந்த பெயர்கள், உறுப்பினரா என்று அந்த அமைப்பையே கேட்கலாம். என் அளவு தொழில் எத்தனை பேருக்குப் பார்க்கிறீர்கள்? கட்டணம் மாதத்துக்கா, மணிக்கா, படிவத்துக்கா? சார்ஸ் கேள்வி கேட்டால் பதில் எழுதுவது அதே கட்டணத்தில் வருமா, தனியா? இதையெல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தக் கடிதமாக வாங்குங்கள்.

திரும்ப வரும் பணத்தில் பங்கு கேட்கிறவரிடம் போகாதீர்கள். உங்கள் செலவை ஊதிக் காட்டினால்தான் அவருக்கு வரும்படி.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், லெனேசியா எங்கும் நம் ஆட்களில் நல்ல கணக்காளர்கள் இருக்கிறார்கள். மூன்று நான்கு தலைமுறையாக இங்கே இருப்பவர்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். தமிழ் பேசுகிறார் என்பதற்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஆங்கிலம் தடுமாறினால் வீட்டுப் பிள்ளையைக் கூட அழைத்துப் போங்கள்.

ஏழாம் படி: வேலையைக் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும்

பாஸ்வேர்டை யாருக்கும் தர வேண்டாம். பதிவுபெற்ற பிராக்டிஷனர் தன் கணக்கிலிருந்தே உங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்பார், நீங்கள் ஒப்புதல் தர வேண்டும். போன் எண்ணும் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் உங்களுடையதாகவே இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நீங்களே உள்ளே போய்க் கடிதம் ஏதாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். சார்ஸுக்குக் கட்ட வேண்டிய பணத்தை உங்கள் வங்கியிலிருந்து நேராகக் கட்டுங்கள், கணக்காளரின் கணக்கு வழியாக அனுப்பாதீர்கள்.

அனுப்பும் முன் படிவத்தைப் பார்க்காமல் ஒப்புதல் கொடுக்க வேண்டாம். மூன்று எண்களை மட்டுமாவது உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள்: மொத்த விற்பனை, மொத்தச் செலவு, வண்டிச் செலவு.

பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆகஸ்ட், பிப்ரவரித் தவணை நேரத்தில் மட்டும் மாற்றாதீர்கள். மார்ச், ஏப்ரலில் மாற்றினால் புதியவருக்குப் புது வருடத்திலிருந்து தொடங்க வசதி. எழுத்தில் தெரிவித்துவிட்டு, அதுவரை அனுப்பிய படிவங்களின் நகல், சார்ஸ் அனுப்பிய மதிப்பீட்டுக் கடிதங்கள், சொத்துப் பட்டியல், வாட் கணக்குத் தாள்கள், உங்கள் ரசீதுகள் எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்போம் என்றால், ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பார்த்த பிறகு போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இ-ஃபைலிங்கில் பழையவருக்குக் கொடுத்த ஒப்புதலை நீக்கிவிட்டு, போன் எண்ணையும் வங்கிக் கணக்கையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.